கடை அரிசி

அமிர்தம் மூன்றாவது தடவை ரயில் அட்டையை வைத்துப் பார்த்தாள். சிவப்பு விளக்குதான் எரிந்தது, ரயில் நிலையத்தின் கதவு திறக்கவில்லை. மகன் தியாகேசன் தன் அட்டையைத் தொட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டிருந்தான். பெரிய கதவு ஒன்றும் இல்லை, இடுப்பு உயரம். அவள் ஊர் வலங்கைமானில் இந்த உயரத்துக்கு வேலி போட்டால் ஆடு சிரிக்கும்.

"காசு போட்டுத்தானே குடுத்தேன். என்னம்மா பண்ணுன?"

"நேத்து உன் பொண்டாட்டி அரிசி தீந்துபோச்சுன்னா. கீழ கடையில இதக் காட்டித்தான் வாங்கியாந்தேன்."

பிறந்ததிலிருந்து அவள் விலை கொடுத்து அரிசி வாங்கியது நேற்றுதான் முதல் தடவை. பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். சிங்கப்பூரில் அவளை யாருக்குத் தெரியும்? இருந்தாலும் வெட்கமாக இருந்தது. அவள் தெருவில் கடை அரிசி பொங்குகிற வீடு என்றால் நொடித்த வீடு என்று அர்த்தம்.

ஊரிலிருந்து கொண்டுவந்த இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டு ரவிக்கைக்குள் அப்படியே கிடந்தது. வந்த அன்று டீக்கடையில் ஒன்றை நீட்டினாள். கடைக்காரர் தமிழர்தான், சிரித்துவிட்டு, "இது இங்க செல்லாதும்மா" என்றார். அதிலிருந்து தண்ணீர் பாட்டிலுக்குக்கூட மகன் கையைத்தான் பார்க்க வேண்டியிருந்தது, திருவிழாவில் பலூனுக்கு அவன் இவள் கையைப் பார்த்து நின்ற மாதிரி. பாஸ்போர்ட்டும் அவனிடம். எப்போது ஊருக்கு என்று கேட்டால், "கையெழுத்துப் போட்டதும் டிக்கெட் போட்டுர்றேன்" என்பான்.

அந்தக் கையெழுத்துக்குத்தான் இப்போது தூதரகத்துக்குக் கிளம்பி வந்திருந்தார்கள். ஊரில் இருக்கிற ஆறு மா நிலத்தை, இரண்டு ஏக்கரை, விற்க தியாகேசனின் மச்சானுக்குப் பவர் எழுதிக் கொடுக்க வேண்டும். குத்தகைக்காரர் பேரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்த காலத்தில் மிராசுதார் ஆட்கள் அதில் நட்ட நாற்றைப் பிடுங்கி வாய்க்காலில் விட்டார்கள். அவள் புருஷன் துரைக்கண்ணு வரப்பிலேயே படுத்துக் கிடந்தும் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தும் தன் பேரைப் பதிய வைத்தார். பிற்பாடு அவள் பேருக்குக் கிரயம் பண்ணின பணம் தியாகேசன் இங்கிருந்து அனுப்பியது. அதனால்தான் அவளால் வாய் திறந்து முடியாது என்று சொல்ல முடியவில்லை.

தியாகேசன் அவளிடம் அட்டையை வாங்கிக்கொண்டுபோய், மிஷினில் காசு ஏற்றி, கதவுக்கு மேலாகத் திரும்ப நீட்டினான். கெட்ட பிள்ளை இல்லை. வீட்டுக் கடன் அவன் கழுத்தை நெரித்தது.

"வையிம்மா. ஆபீஸ் மூடிருவாங்க."

அட்டையை வாங்கிக்கொண்டாள். ஆனால் வைக்கவில்லை. பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒதுங்கி அவர்களுக்கு வழி விட்டாள். இந்தப் பக்கம் இருக்கிற வரைக்கும் யாரும் தன்னிடம் கையெழுத்துக் கேட்க முடியாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஏம்மா நிக்கிற?"

"ஊருக்குப் போறதுக்கும் இதுல காசு போட்டுருக்கியாப்பா?"

ஒவ்வொருவராக அட்டையைத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் நடுவில் அந்தக் குட்டைக் கதவு திறந்து திறந்து மூடியது. தியாகேசன் நீட்டிய கையை இன்னும் மடக்காமல் நின்றான். அவள் அட்டையை ரவிக்கைக்குள், செல்லாத நோட்டுகளோடு வைத்துக்கொண்டாள்.