முத்தாயி சிரித்த காரணம்

முத்தாயியின் வாழ்க்கையை நான்தான் கெடுத்தேன் என்று அவள் ஊரான வாழவந்தியில் இன்றைக்கும் சொல்வார்கள். அவள் விரலைக்கூட நான் தொட்டதில்லை. அவளைப் பற்றி ஒரு கதை எழுதினேன், அவ்வளவுதான்.

எழுபத்தெட்டாம் வருஷம். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் நான் ரைட்டர். பழம் பறிக்கும் பெண்களின் கூடைகளை எடை போட்டுப் பெயர் எழுதுவது என் வேலை. ஒழிந்த நேரத்தில் வாரப் பத்திரிகைக்குக் கதை எழுதுவேன். ஐப்பசி மழையில் ஒரு நாள் முத்தாயி கூடையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, பக்கத்தில் நின்ற பொன்னாயியை இடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு பெண் அப்படிச் சிரித்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

கதையில் அவள் பெயர் முல்லை. ரைட்டரைப் பார்த்துச் சிரிக்கிறாள், சில்வர் ஓக் மரத்தடியில் காத்திருக்கிறாள், பிறகு நடக்க வேண்டியதெல்லாம் நடக்கிறது. பெயரை மாற்றினேனே தவிர, அவள் புருவத்தை வெட்டிக்கொண்டு ஓடிய தழும்பை மாற்ற மனம் வரவில்லை.

காபிக் கொட்டை பொறுக்கும் கொட்டகையில் எழுத்துத் தெரிந்த ஒருத்தி பத்திரிகையை உரக்க வாசிப்பாள், மற்றவர்கள் கேட்டபடியே பொறுக்குவார்கள். அந்த வாரம் வாசித்த சின்னத்தாயி, தழும்பு வந்த இடத்தில் நிறுத்திவிட்டு முத்தாயியை நிமிர்ந்து பார்த்தாளாம். சாயங்காலத்துக்குள் விஷயம் ஊருக்குப் போய்விட்டது. சித்தன் என்பவனுக்கும் முத்தாயிக்கும் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சித்தனின் அப்பா, பெண் வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

மறுநாள் முத்தாயி ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஏனுங்க, நான் எப்பங்க உங்களுக்காக மரத்தடியில நின்னேன்?"

"அது கதை. முல்லை வேற, நீ வேற."

"அத எங்கூர்ல வந்து நாலு பேரு முன்னால சொல்லிப்போடுங்க. அது போதுமுங்க."

"அன்னிக்கு என்னப் பாத்து சிரிச்சியே, அதுவும் கதையா?"

அவள் யோசித்தாள். நிஜமாகவே ஞாபகம் வரவில்லை அவளுக்கு.

"அட, அதுங்களா! உங்க காதுல ரத்தங் குடிச்சு உப்புன அட்டை தொங்குச்சுங்க, லோலாக்காட்டம். நீங்க பாட்டுக்கு எழுதிக்கிட்டு இருந்தீங்க. பொன்னாயிதான் காட்டுனா. நொம்பச் சிரிப்பா போச்சுங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்று காதோரம் ரத்தம் கசிந்ததும், நான் துடைத்துக்கொண்டதும் நினைவுக்கு வந்தது. ஊரே உருகிப் படித்த சிரிப்பு, ஓர் அட்டைக்காகவா? அவள் என்னைக் காதலிக்காததைக்கூடப் பொறுத்திருப்பேன். இதைப் பொறுக்க முடியவில்லை. வேலை இருக்கிறது, போ என்றேன்.

இரண்டு நாள் கழித்துச் சித்தனே வந்தான். நல்ல பையன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றான்.

"அப்பன் சொல்றது கெடக்கட்டுங்க. நான் அவளத்தான் கட்டுவேன். நீங்க எழுதுனது நெசமா பொய்யான்னு மட்டும் சொல்லுங்க."

பொய் என்றால் அந்தச் சிரிப்பு எதற்கு என்று கேட்பான். அவள் சொல்லிவிடுவாள். சேர்வராயன் கோயில் திருவிழாவில் மலை முழுக்க என் காதைப் பார்த்துச் சிரிக்கும். பேனாவை மூடினேன். பெருமூச்சு ஒன்றை நன்றாகவே விட்டேன்.

"ஒரு பொண்ணோட மானம், தம்பி. எங்கிட்ட எதையும் கேக்காத."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். தை மாதம் வேறு ஊரில் பெண் எடுத்தான். முத்தாயியைக் கேட்டு யாரும் வரவில்லை.

அடுத்த வருஷம் பத்திரிகையில் முல்லையை வைத்தே இன்னொரு கதை கேட்டார்கள். கைவிடப்பட்ட முல்லை ரைட்டரின் காலில் விழுந்து கதறுகிறாள். அவன் மன்னிக்கிறான். வெட்கம் தாளாமல் அவள் ஏரியில் விழுந்து சாகிறாள். முடிவு மிக இயல்பு என்று ஆசிரியர் எழுதியிருந்தார்.

அந்த இதழ் வந்த வாரம் முத்தாயி கூடையோடு வரிசையில் வந்து நின்றாள்.

"பேரு?" என்றேன், தெரியாதவன் போல.

"ஏரியில உழுந்தவ முல்லைங்க. எம்பேரு முத்தாயி. எழுதிக்கோங்க."

என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். பச்சைக் காய் கலந்திருக்கிறது என்று கூடையைத் திருப்பி அனுப்பினேன். ஒரு பச்சைக் காய்கூட அதில் இல்லை.