மெர்சரின் புது நாடகம்

லண்டனில் அமெரிக்க நாடகாசிரியர் மெர்சர் நடத்திய நாடக எழுத்து மாலை வகுப்பில் கத்தரினைத்தான் அவர் அதிகம் கேள்வி கேட்டார். போருக்குத் தப்பி மன்னாரில் படகேறிய அன்று தங்கை ஏன் இறங்கி ஓடினாள், அவளை விட்டுவிட்டு எப்படி வந்தாய் என்று துருவுவார். பேர்பெற்ற மனிதர், ஆனால் பல வருடங்களாக எதுவும் எழுதவில்லை. திடீரென்று அவருடைய புது நாடகம் மேடையேறுவதாகச் செய்தி வந்தது.

"என்ரை கதையைக் களவெடுத்திட்டார்," என்றாள் கணவன் பெனடிக்ற்றிடம்.

"முதல்ல போய்ப் பாப்பம்."

அரங்கில் ஒவ்வொரு காட்சியிலும் படகு வரும், தங்கை வருவாள் என்று பல்லைக் கடித்தபடி காத்திருந்தாள். வந்ததோ இரும்பாலையில் அண்ணனைத் தனியே விட்டு நியூயோர்க்குக்கு ஓடிய ஒரு தம்பி.

வாசலில் மெர்சரை மறித்தாள். "அப்படியானால் என்னிடம் ஏன் அவ்வளவு கேட்டீர்கள்?"

"அந்தத் தம்பி நான்தான்," என்றார் அவர். "விட்டுவிட்டு வந்த இன்னொருவர் எப்படித் தூங்குகிறார் என்று அறிய விரும்பினேன்."

பஸ்ஸில் பெனடிக்ற் கேட்டான்: "இப்ப உமக்குச் சந்தோசம்தானே?"

சந்தேகம் தீர்ந்திருந்தது. ஆனாலும் தன் கதையை அவர் தொடவேயில்லை என்பது ஏனோ உறுத்தியது.

"அதை நான்தான் எழுதவேணும்," என்றாள் கத்தரின்.