மூன்றாவது வீடு

லைல் ஹாட்ரிக் செத்துப்போன செய்தி குரம்பீன் ஊருக்குள் பரவ அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நீச்சல் குளத்தின் பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தவாக்கில் போய்விட்டார். எழுபத்து மூன்று வயது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு வருஷமாகியும் பம்பு கெட்டால் கவுன்சிலைக் கூப்பிடாமல் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அவரும் ஒருநாள்கூட முடியாது என்று சொன்னதில்லை. ஊர் என்றால் அப்படித்தான், நல்லவன் ஒருத்தன் கிடைத்தால் விடாமல் உபயோகித்துக்கொள்ளும்.

முப்பத்தொரு வருஷம் கவுன்சில் ஓவர்சியர். சாலைக் குழிகளை ஆள் பெயர் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொல்லுவார். ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தவர். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் இல்லாவிட்டால் மனைவி நோரீனுக்குத் தகவல் வந்திருக்கும். மது விடுதியில் அவர் குடித்துப் பார்த்தவர்கள் யாருமில்லை, எலுமிச்சை ஸ்குவாஷுடன் உட்கார்ந்து மற்றவர்களை வீட்டில் கொண்டுபோய் விடுவார்.

ஆனால் ஊர் அவரை அதிகமாகக் கொண்டாடியது ஆற்றுப் பட்டியலுக்காக. ஆற்றங்கரையோரம் பதினோரு வீடுகள். வெள்ளம் வருகிறது என்று தெரிந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் லைல் போன் செய்வார். மேலிருந்து கீழே, வரிசை தப்பாமல். தண்ணீர் முதலில் தொடும் வீட்டுக்கு முதல் போன். அந்த ஒழுங்கை ஏற்படுத்தியதே அவர்தான். சொந்தம், சிநேகிதம், கவுன்சில் தலைவர் யாராயிருந்தாலும் வரிசையில் அவரவர் இடம்தான் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி எல்லோருடைய காதையும் புளிக்க வைத்திருந்தார்.

அடக்கத்துக்கு முந்தின நாள், அவர் மகள் ஜேனல் அம்மாவின் சமையலறை மேசையில் காகிதத்துடன் உட்கார்ந்திருந்தாள். இறுதிச் சடங்கில் அப்பாவைப் பற்றி அவள்தான் பேச வேண்டும். கதவைத் தட்டி வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு கேக்கையும் ஆளுக்கொரு யோசனையையும் வைத்துவிட்டுப் போனார்கள். கவுன்சில் தலைவர் வந்து, புதுப் பாலத்துக்கு லைல் பெயரைத்தான் வைக்கப்போகிறோம், அதனால் பட்டியலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்றார். வாக்கியத்தைக்கூட அவரே எழுதிக் கொண்டுவந்திருந்தார். 'அவர் ஒருபோதும் வரிசை தவறியதில்லை.' அந்த ஒரு வரியைத் தன் கையால் எழுத ஜேனலுக்கு வரவில்லை.

காரணம், பத்தொன்பது வருஷத்துக்கு முந்திய ஒரு வெள்ளம். மழை விட்டு வெயிலடித்த ஒரு மதியம், இரண்டு இருபதுக்கு மேலணையின் கரை உடைந்தது. கைபேசி அந்தப் பள்ளத்தாக்கை எட்டிப் பார்க்காத காலம். லைல் முதல் வீட்டுக்குச் சொன்னார், இரண்டாவது வீட்டுக்குச் சொன்னார், மூன்றாவதற்கு எண்ணைச் சுழற்றும்போது இணைப்பு அறுந்தது. மூன்றாவது வீடு டெஸ் குயில்டியுடையது. டெஸ் மேட்டு வயலில் ஆடுகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தார். வீட்டில் மனைவி மோராவும் ஒன்பது வயது மகள் பிரைடியும் இருந்தார்கள். மூன்றாம் நாள்தான் இருவரின் உடல்களும் கிடைத்தன. கீழே இருந்தவர்கள் தண்ணீரின் சத்தம் கேட்டே ஓடித் தப்பித்துவிட்டார்கள். விசாரணையில் லைல் நடந்ததைச் சொன்னார், சொன்னது எல்லாம் உண்மை. எங்கிருந்து ஆரம்பித்தீர்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை.

அவர் ஆரம்பித்தது ஜேனலிடமிருந்து. பட்டியலில் அவள் வீடு ஒன்பதாவது. தண்ணீர் அங்கே வந்துசேர இரண்டு மணி நேரம் இருந்தது. அவள் ஆறு மாதக் கர்ப்பிணி, புருஷன் வெளியூரில். உடனே காரை எடுத்துக்கொண்டு கிளம்பு என்றார் அப்பா. சினைக் குதிரையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். அவர் கெஞ்சினார், அதட்டினார், கடைசியில் அழுதார். அப்பா அழுது அவள் கேட்டது அந்த ஒரு தடவைதான். சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்தபடியேதான் சண்டை போட்டாள், அதனால் கணக்கு அவளுக்குத் தெரியும். பதினோரு நிமிஷம்.

அதற்கப்புறம் அப்பாவும் மகளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசினால்தானே அது நடந்ததாகும் என்று இருந்துவிட்டார்கள் இருவரும். கோழைத்தனம்தான், வேறு பெயர் அதற்குக் கிடையாது. லைல் ஒவ்வொரு வியாழக்கிழமையும் டெஸ் வீட்டுக்குப் போனார். விறகு பிளந்து போட்டார், கூரையைச் சரிசெய்தார், சீட்டாடினார். ஊர் பார்த்து உருகியது. இப்போது, தன் சவப்பெட்டியைத் தூக்க வேண்டிய ஆறு பேரை அவரே எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். முதல் பெயர் டெஸ் குயில்டி. அந்தத் தாளைப் பார்த்தபோது ஜேனலுக்கு அப்பா மேல் வந்த கோபம் அவர் உயிரோடு இருந்தவரை ஒருநாளும் வந்ததில்லை. மன்னிப்புக் கேட்கத் துப்பில்லாமல் தோள் மட்டும் கேட்கிறாரே என்று கொதித்தாள்.

கேக்குகளை மூடி வைத்துக்கொண்டிருந்த நோரீன் மகளின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். அன்றைக்குப் போன் மேசைக்குப் பக்கத்தில் நின்றவள்தானே அவள்.

"வேணாம் ஜென்," என்றாள். "முப்பத்தோரு வருஷம் இந்த ஊருக்கு உழைச்சான். பதினோரு நிமிஷம் நமக்குன்னு எடுத்துக்கிட்டான். அதை அவனோடயே போகவிடு."

"டெஸ் அங்கிள் தெரியாமலே தூக்குவாரேம்மா."

"தெரியாம இருக்கறதாலதான் அவர் எந்திரிச்சு நடமாடிக்கிட்டு இருக்காரு."

அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. இருந்தும், மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஜேனல் டெஸ்ஸின் புதிய வீட்டின் முன்னால் காரை நிறுத்தினாள். வெள்ளத்துக்குப் பிறகு மேட்டில் கட்டிய வீடு. டெஸ் பின்வாசல் படியில் உட்கார்ந்து சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை கதவில் தொங்கியது. வாம்மா, தேநீர் போடட்டுமா என்றார். வேண்டாம் என்று நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். வரிசையை, குதிரையை, அப்பா அழுததை. எதையும் மென்று விழுங்கவில்லை.

டெஸ் பிரஷ்ஷைக் கீழே வைக்காமல் கேட்டார். கடைசியில், எத்தனை நிமிஷம் என்று மட்டும் கேட்டார். சொன்னாள்.

"பிரைடி நல்லா ஓடுவா," என்றார். "வீட்டுலருந்து இந்த மேட்டுக்கு வர அவளுக்கு மூணு நிமிஷம் போதும். மோராவுக்கு முட்டி வலி. அவளுக்கு ஒரு ஆறு, ஏழு."

ஜேனல் அழுதாள். அவர் அவளைத் தேற்றவில்லை, திட்டவுமில்லை.

"இதை ஏன் இப்ப வந்து சொல்ற?"

"தெரியாம நீங்க அவரைத் தூக்கக்கூடாதுன்னுதான் அங்கிள்."

"இல்ல. உன் நெஞ்சுல இருந்ததை இறக்கி வைக்க எடம் தேடியிருக்க. அந்தத் தண்ணி எனக்குன்னு விட்டு வச்சது உங்கப்பன் ஒருத்தனைத்தான். ஒரு வியாழக்கிழமை தவறினதில்ல. நான் அதை சிநேகம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு வந்து அவனையும் பிடுங்கிட்ட."

சப்பாத்துகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தினார், தாழ் போடும் சத்தம் கேட்டது. அந்த ஊரில் யாரும் பகலில் தாழ் போடுவதில்லை.

பதினொரு மணிக்கு நினைவு ஹால் வாசலில் ஊரே நின்றது. தேவாலயம் கொள்ளாது என்று சடங்கை ஹாலில் வைத்திருந்தார்கள். தீயணைப்புக் குழு சீருடையில் இரண்டு வரிசையாக நின்றது. உள்ளே பெண்கள் சங்கத்தார் முட்டைச் சாண்ட்விச்களின் மேல் ஈரத் துணி போட்டுக்கொண்டிருந்தார்கள். சவ வண்டியின் கதவு திறந்தது. ஐந்து பேர் வந்து நின்றார்கள். ஆறாவது கைப்பிடிக்கு ஆள் இல்லை.

ஐந்து நிமிஷம் காத்திருந்தார்கள், பிறகு இன்னும் ஐந்து. தீயணைப்புக் குழுத் தலைவர் வார்விக் தொப்பியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் போய் நின்றார். பெட்டியைத் தூக்கியபோது அவர் முணுமுணுத்தது பின்னால் நடந்த ஜேனலின் காதில் விழுந்தது.

"பத்தொன்பது வருஷம் அந்தாளுக்கு விறகு பிளந்து போட்டாரு இவரு. ஒரு கைப்பிடி தூக்க வரல பாரு. நன்றி கெட்ட ஜென்மம்."

உள்ளே உட்கார்வதற்குள் அது பெஞ்சுக்குப் பெஞ்சு தாவிவிட்டது. பழையதை மனதில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறான் என்றாள் ஒருத்தி. லைல் அவனுக்குச் செய்ததற்கு நாய்கூட வாலாட்டியிருக்கும் என்றார் இன்னொருவர். காலையில் ஜேனல் டெஸ்ஸிடமிருந்து சிநேகிதனைப் பிடுங்கினாள், மதியத்துக்குள் அவருடைய நல்ல பெயரும் போய்க்கொண்டிருந்தது. இனி அவர் ரொட்டி வாங்கக் கடைக்கு வந்தால்கூட முகம் திருப்பிக்கொள்வார்கள். சின்ன ஊரில் அது சின்னத் தண்டனை இல்லை.

பாதிரியார் அழைத்ததும் ஜேனல் எழுந்து போய் மேடைப்படிக்குப் பக்கத்தில் நின்றாள். கையில் மூன்று பக்கம். நீச்சல் குளம், குழிகள், எலுமிச்சை ஸ்குவாஷ், எல்லாம் இருந்தது. கவுன்சில் தலைவர் முதல் வரிசையில் தலையை ஆட்டிக்கொண்டு காத்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் அம்மா. அம்மா அவளையே பார்த்தாள், ஒரே ஒரு தடவை, மிக மெதுவாக, தலையை இடமும் வலமும் அசைத்தாள். ஜேனல் காகிதங்களை மடித்தாள்.

"டெஸ் குயில்டி வராததுக்குக் காரணம் நான்," என்றாள். "காலையில அவர் வீட்டுக்குப் போய் ஒரு விஷயம் சொன்னேன். அதை உங்களுக்கும் சொல்றேன். அணை உடைஞ்ச அன்னைக்கு எங்கப்பா முதல்ல கூப்பிட்டது மேல் வீட்டை இல்ல. என்னை. நான் கிளம்ப மாட்டேன்னு பதினோரு நிமிஷம் சண்டை போட்டேன். லைன் அறுந்தப்ப அவர் மூணாவது வீட்டுக்குத்தான் போன் போட்டுக்கிட்டு இருந்தாரு. டெஸ் மேல ஒரு தப்பும் இல்ல. அவரை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க."

வார்விக் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோரீன் கண்ணை மூடிக்கொண்டாள். இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அப்பா அங்கே பெட்டிக்குள் கிடந்தார், அவரை அந்தக் கோலத்தில் விட்டுவிட்டு உட்கார அவளால் முடியவில்லை. அவருக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் போலிருந்தது.

"அவர் கெட்டவர் இல்ல," என்றாள். "நான் வயித்துப் பிள்ளைக்காரி. தனியா இருந்தேன். அவருக்குப் பயம் வந்துடுச்சு. அவ்வளவுதான்."

சொல்லி முடித்த பிறகுதான் முதல் வரிசையில் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த மேவ் அவள் கண்ணில் பட்டாள். அவளுடைய மகள். பதினெட்டு வயது. தாத்தாவுக்கு அடுத்து அவளுக்கு உலகத்தில் பிடித்த கிழவர் டெஸ்தான். மேட்டு வயலில் அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் முதல் ஆளாக வந்து நிற்பவர். ஜேனல் டெஸ்ஸை நினைத்தாள், அம்மாவை நினைத்தாள், ஊரை நினைத்தாள். இவளை நினைக்க மறந்துபோனாளே.

மேவ் பாட்டியின் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை, குரலை உயர்த்தவுமில்லை. ஹால் அவ்வளவு அமைதியாக இருந்ததால் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.

"அந்தப் பிள்ளை நான்தானேம்மா?"

"ஆமாம்," என்றாள் ஜேனல்.