பழுது காணப்படவில்லை

குன்வோரின் கார் இருபத்தாறு வயதுக் கிழம். அந்தக் குளிர்காலத்தில் அது நான்கு முறை அவள் காலை வாரிவிட்டது. நான்கு முறையும் தடயம் விடாமல் வாரிவிட்டதுதான் அதன் சாமர்த்தியம்.

நடமாட முடியாத ஹெல்மரைக் காலை ஏழு மணிக்குப் படுக்கையிலிருந்து தூக்கி, கழுவிவிட்டு, கஞ்சி கொடுப்பது அவள் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறாள். அவர் வீட்டுக்குக் காட்டுப் பாதையில் இருபத்திரண்டு கிலோமீட்டர். கார் கிளம்பாத நாட்களில் பக்கத்து வீட்டு டிராக்டரில் தொற்றிக்கொண்டு போய்ச் சேரும்போது மணி பத்தாகிவிடும். அதுவரை கிழவர் ஈரத்திலேயே கிடப்பார். அவர் ஒன்றும் சொன்னதில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவர் மகள்தான் குன்வோரை வேலைக்கு அனுப்பும் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டாள். வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு விசாரணை. அன்றைக்குக் குன்வோரின் வேலை இருக்கும், அல்லது போகும்.

ஊரில் இருந்த ஒரே பட்டறை அவள் தம்பி ஸ்தூரேயுடையது. நின்றுபோன காரை ஒவ்வொரு முறையும் அங்கேதான் இழுத்துப் போனார்கள். உறைந்த வண்டியில் அந்தப் பக்கத்து மெக்கானிக் எவனும் கை வைக்க மாட்டான். ஒரு ராத்திரி முழுக்க அதைச் சூடான கொட்டகைக்குள் நிறுத்தி, பனி உருகி வடிந்த பிறகுதான் தொடுவான். அதை வண்டிக்குச் செய்யும் மரியாதை என்றே எல்லோரும் நினைத்தார்கள். மறுநாள் ஸ்தூரே சாவியைத் திருப்புவான், கார் சமர்த்தாகக் கிளம்பும். "பழுது காணப்படவில்லை" என்று சீட்டெழுதிக் கையெழுத்துப் போடுவான். பட்டறைக்குப் போனதற்கு அத்தாட்சியாக இருக்கட்டும் என்று அவளே அதைக் கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்தாள், பைத்தியக்காரி.

என்ஜினைச் சூடாக்கும் வயரை ராத்திரி செருகினாயா என்று நான்கு முறையும் கேட்டான். மறக்காமல் செருகியிருந்தாள். நான்காவது முறை, கையைத் துடைத்துக்கொண்டே, "வண்டிக்கு ஒண்ணுமில்லக்கா. நீ அலாரத்தைக் கொஞ்சம் முன்னாடி வை" என்றான்.

அந்தப் பேச்சு அவளைச் சுட்டது. வீட்டுக்கு வந்து, கார் நின்ற நாட்களையும் அன்றைய குளிரையும் நாட்காட்டியில் குறித்து வைத்துப் பார்த்தாள். மைனஸ் இருபது வரை கார் வாலாட்டவில்லை. இருபத்தைந்தைத் தாண்டிய நாட்களில்தான் படுத்திருக்கிறது. சூட்டில் வைத்துத் தேடினால் குளிரில் வரும் நோய் எப்படித் தெரியும்?

புதன்கிழமை மாலை காரைப் பட்டறை வாசலில் நிறுத்தி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். கொட்டகைக்குள் கொண்டுபோக விடவில்லை. குளிரில் வண்டி பார்ப்பது மடத்தனம் என்று அவன் கத்தினான். "நான் குளிர்லதானேடா ஓட்டறேன்" என்று சொல்லிவிட்டு, அவன் வீட்டு சோபாவிலேயே படுத்துக்கொண்டாள்.

காலையில் மைனஸ் இருபத்தொன்பது. என்ஜின் சுற்றியது, பற்றவில்லை. ஸ்தூரே முனகிக்கொண்டே காருக்குள் குனிந்து காது கொடுத்தான். பெட்ரோல் பம்ப் சத்தமே இல்லை. டாஷ்போர்டுக்குக் கீழே கைவிட்டு, பம்புக்குக் கரண்ட் விடும் தீப்பெட்டி அளவு ரிலேயைப் பிடுங்கினான். அதை அக்குளில் வைத்துச் சூடேற்றி மறுபடி செருகியதும் பம்ப் ரீங்கரித்தது. உடைத்துப் பார்த்தால், பற்றவைத்த ஈயத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். குளிரில் பிரியும், சூட்டில் சேர்ந்துகொள்ளும். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. புது ரிலேயைப் போட்டுவிட்டு அவன் காப்பி ஊற்றினான்.

முன்பு கொடுத்த நான்கு சீட்டும் தப்பு என்று எழுதித் தரச் சொன்னாள்.

"இன்னிக்குக் கண்டுபிடிச்சதை எழுதித் தரேங்க்கா. அன்னிக்கு என் கண்ணுல படாததை இருந்துச்சுன்னு எப்படி எழுதறது? இந்த ஊர்ல என் கையெழுத்துக்குன்னு ஒரு மதிப்பு இருக்கு."

"என் பேச்சுக்கு?"

அவன் குனிந்து அன்றைய தேதியைப் போட்டு எழுதினான். அவள் ஐந்தாவது சீட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். கூடப் பிறந்தவனை அறைய வேண்டும் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை மைனஸ் முப்பது. கார் ஒரே திருப்பில் கிளம்பி, அவளை ஏழே முக்காலுக்கே அலுவலகத்தில் இறக்கிவிட்டது. மேலதிகாரி அன்னெலி ஐந்து சீட்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்துப் படித்தாள். கடைசிச் சீட்டு நேற்றையது மட்டும்தானே என்றாள். கொட்டகையையும் குளிரையும் பற்றிக் குன்வோர் விளக்கினாள். ஸ்தூரே அதை எழுதவில்லையே என்றாள் அன்னெலி. பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இவ்வளவு குளிர்ல, உங்களுக்குன்னு வந்ததும் கால் மணி நேரம் முன்னாடியே வந்துட்டீங்க. வரணும்னு நினைச்சா வர முடியுதுல்ல?"

திங்கட்கிழமை முதல் ஹெல்மரைத் தூக்க வேறு ஆள் போகும் என்று அன்னெலி எழுதிக்கொண்டாள்.