பெல்ட்டைக் கழட்டிப் பாத்தியா

"நேத்து காலையிலயே நெஞ்சு பிடிக்குதுன்னு சொன்னாரா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"சொன்னாருடி. வாயுவா இருக்கும்னும் அவரேதான் சொன்னாரு."

"அவரு சொல்வாரு. உனக்கு அறிவு எங்க போச்சு? மாத்திரையைக் குடுத்து வேலைக்கு அனுப்பி வெச்சிருக்க. அப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாமேன்னு டாக்டர் கேக்குறாரு. நான் என்ன பதில் சொல்ல?"

"போகாதீங்கன்னா கேக்குற ஆளா அவரு? இன்னைக்கு மெஷினை ஓட்டியே ஆகணும்னு நின்னாரு."

"நீதாம்மா கொன்னுட்ட."

உள்ரூம்ல மக அம்மாவை நிறுத்தி வெச்சுக் கேட்டுக்கிட்டிருந்தா.

ஹால்ல அண்ணனை வெச்சிருந்த கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்துல சேர் போட்டுக்கிட்டிருந்த தம்பிக்கு ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு. கையில இருந்த பிளாஸ்டிக் சேரைக் கீழ வைக்கக்கூடத் தோணாம நின்னான்.

வாசப்பக்கம் வெல்டர், துக்கத்துக்கு வந்திருந்த நாலு பேருக்கு நேத்து நடந்ததைச் சொல்லிக்கிட்டிருந்தாரு. அண்ணனோட பட்டறைக்கு அடுத்த கடைக்காரர். வாய் ஓயாததால அண்ணன் அவருக்கு வெச்ச பேரு ரேடியோ.

"பதினோரு மணி இருக்கும். டமால்னு ஒரு சத்தம். என்ன பெரியவரே, சுவத்தை இடிக்கிறீங்களான்னு என் கடையில இருந்தே கத்தினேன். ஒண்ணுமில்லய்யா, நீ உன் பாட்டைப் பாடுன்னாரு. கால் மணி கழிச்சு டீ வாங்கிட்டுப் போறேன், மெஷின் பக்கத்துல தரையில சாஞ்சு கெடக்குறாரு."

அந்த டமால் என்னன்னு அங்க இருந்தவங்கள்ல தம்பி ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

அண்ணனும் அவனும் பதினெட்டு வருஷமா பண்றது ஒரே வேலை. கையால சுத்தி ஓட்டுற பழைய மெஷின்ல சர்வோ மோட்டாரை மாட்டி, கம்ப்யூட்டர் சொல்றபடி ஓட வைக்கிறது. இரும்பு வேலை அண்ணன், வயரிங் தம்பி. மோட்டார் பின்னாடி என்கோடர்னு ஒரு சின்ன டப்பா இருக்கும். எந்தப் பக்கம் எவ்வளவு சுத்தினோம்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றது அதுதான். அதுல ஏ, பி-ன்னு ரெண்டு வயர். ரெண்டும் இடம் மாறிட்டா, வலது பக்கம் போயிக்கிட்டே இடது பக்கம் போறேன்னு பொய் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பி, திருத்துறதா நெனச்சு இன்னும் வேகமா வலது பக்கமே தள்ளும். மெஷின் மேல நகர்ற அவ்வளவு கனமான இரும்பு டேபிள் கண்ணு மூடித் திறக்குறதுக்குள்ள ஓடிப்போய்க் கடைசியில முட்டும். அதனால முதல் தடவை ஓட்டுறப்ப, மோட்டாரையும் மெஷினையும் சேக்குற பெல்ட்டைக் கழட்டிட்டு, மோட்டாரை மட்டும் ஓட்டிப் பாத்துடணும்.

முந்தாநாள் சாயங்காலம் அண்ணன் கேட்டாரு. "பெல்ட்டைக் கழட்டிப் பாத்தியாடா?"

"பாத்துட்டேண்ணே."

மூணு மோட்டார்ல ரெண்டைத்தான் பாத்திருந்தான். மூணாவதும் அதே வயர், அதே கலர், அவன் கையாலேயே திருகினது. ஒருநாளும் மாறினதில்லை. மணி ஆறாச்சேன்னு கையைக் கழுவிட்டான். நேத்து காலையில அவன் வேற கம்பெனிக்குப் போயிருந்தான்.

அண்ணன் மக வெளிய வந்தா. கண்ணு ரெண்டும் வீங்கியிருந்துச்சு. "சித்தப்பா, அப்பாவோட அடையாள அட்டை பட்டறை டிராயர்ல இருக்காம். சர்டிஃபிகேட்டுக்கு வேணும். எடுத்துட்டு வந்துடுறீங்களா?"

போனான். ஷட்டரைத் தூக்கினதும் முதல்ல அட்டையைத் தேடலை. மெஷினைத்தான் பாத்தான். டேபிள் வலது கோடியில போய் முட்டி நின்னுச்சு. கடைசியில டேபிளை நிறுத்த இருந்த சுவிட்ச் நசுங்கி வளைஞ்சு தொங்குச்சு. சிவப்பு ஸ்டாப் பட்டன் அமுங்கியிருந்துச்சு. மெயின் சுவிட்ச் ஆஃப். மூணாவது மோட்டார்ல பெல்ட் இல்லை, முட்டினதுக்கு அப்புறம் கழட்டி, அழகாச் சுருட்டி ஸ்டூல் மேல வெச்சிருந்துச்சு.

வயரிங் பேனல் கதவு திறந்திருந்துச்சு. உள்ள ஏ வயர் சரியான இடத்துல முறுக்கியிருந்துச்சு. பி வயர் மட்டும் மாட்டாம நீட்டிக்கிட்டு நின்னுச்சு. ஸ்க்ரூ டிரைவர் கீழே கெடந்துச்சு.

நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காராம, ஒரு போன் போட்டுத் திட்டாம, மனுஷன் இவன் தப்பைத் திருத்திக்கிட்டு இருந்திருக்காரு. பாதியில போயிட்டாரு.

நேத்து அந்த டமால் கேக்காம இருந்திருந்தா அண்ணன் இருந்திருப்பாரா? காலையிலயே பிடிச்ச நெஞ்சு எப்படியும் நின்னிருக்குமா? ரொம்ப நேரம் யோசிச்சான். அதுக்குப் பதில் சொல்ல மெஷின்ல ஒண்ணும் இல்லை.

அவன் கை ஸ்க்ரூ டிரைவரை எடுத்துச்சு. பி வயரை அதோட இடத்துல விட்டு முறுக்குச்சு. பேனலைச் சாத்தினான். வயர் மாறியிருந்ததுக்கு இனிமே அவனைத் தவிர சாட்சி கெடையாது. அது புரிஞ்சதும் மறுபடி திறக்கப் போனான். திறக்கலை. அட்டையை எடுத்துக்கிட்டு ஷட்டரை இறக்கினான்.

வீட்டுல அண்ணி பெட்டிக்கிட்ட தனியா உக்காந்திருந்தாங்க. அவனைப் பாத்ததும் பக்கத்துல கூப்பிட்டாங்க.

"தம்பி, மெஷினைப் பாத்தீங்களா? ஓட்டிப் பாத்துட்டாரா? ரொம்ப ஆசையாப் போனாரு."

"ஓடியிருக்கு அண்ணி. நல்லா ஓடியிருக்கு."

முந்தாநாள் "பாத்துட்டேண்ணே"ன்னு வந்த அதே சுலபத்துல வந்துச்சு.

"நான் வேணும்னு அனுப்பலை தம்பி," அண்ணி பெட்டியைப் பாத்தபடியே சொன்னாங்க. "அவகிட்ட நீங்களாச்சும் சொல்லுங்க."

மக தட்டுல தண்ணி டம்ளர் வெச்சு ஒவ்வொருத்தரா குடுத்துக்கிட்டு வந்தா. சித்தப்பாவுக்கு ஒண்ணு குடுத்தா. அம்மாவைத் தாண்டி அடுத்த சேருக்குப் போயிட்டா. அவன் தன் டம்ளரை அண்ணி கையில வெச்சான். அவங்க குடிக்கலை, பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

அண்ணனை எடுத்துட்டுப் போற வண்டி வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு.

இதைப் படிச்ச நீங்க சொல்லுங்க. அவன் வாயைத் திறக்கணுமா? திறந்தா முதல்ல யார்கிட்ட, அந்தப் பொண்ணுகிட்டயா, அண்ணிகிட்டயா? பாவம் விடுன்னு மட்டும் சொல்லாதீங்க. நீங்க என்ன பண்ணியிருப்பீங்கன்னு ஒரு வரியாவது எழுதுங்க.