விலகல் அறிவிப்பு

மாத்தூரில் ராசையா புகையை உள்ளிழுத்தால் தண்டையார்பேட்டையில் உபைதுல்லா இருமினார். 2016 ஆகஸ்டில், வழக்கறிஞர் ஹெப்சிபாவின் மேசையில் இருவரும் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிற்பகலில் இது தொடங்கியது. ஒரு பங்குதாரர் தொழிலுக்காகச் செய்வது மற்றவரையும் கட்டும் என்று அவர் படித்துக் காட்டியபோது இருவரும் தலையாட்டினார்கள். ஆலைகளில் காலியாகும் ரசாயன டிரம்களை வாங்கிக் கழுவி விற்பது தொழில். வாங்குவதும் விற்பதும் உபைதுல்லா; கழுவுவது ராசையா. டிரம்முக்குள் தலையை விட்டுக் கசடைச் சுரண்டும்போது புகை ஏறும். ராசையாவும் இருமினார், உபைதுல்லாவும் இருமினார். லாபத்தில் ஆளுக்குப் பாதி, இருமலில் ஆளுக்கு முழுசு. பொறுப்பைப் பங்கு பிரிக்க முடியாது, ஒவ்வொருவரும் முழுவதற்கும் பொறுப்பாளி என்றார் ஹெப்சிபா.

உபைதுல்லாவுக்குச் சிறுவயதிலிருந்தே பலவீனமான நெஞ்சு. அதற்காக ராசையா முகமூடி அணிந்தார். தனக்காக என்றால் அணிந்திருக்க மாட்டார். ரமலானில் உபைதுல்லா நோன்பிருந்த பகல்களில் ராசையாவுக்குப் பசித்தது. எவ்வளவு தின்றாலும் மாலைவரை அடங்காது. "உன் தோஸ்து சொர்க்கத்துக்குப் போவாரு, பசியில கெடந்து உனக்கு இன்னாய்யா கெடைக்கும்?" என்று டிரம் கழுவும் யார்டில் வேலை செய்த வரலட்சுமி கேட்டாள். "பாதி சொர்க்கம்" என்றார் ராசையா.

2023 பக்ரீத் முடிந்ததும், தொழிலை விட்டால்தான் நெஞ்சு தாங்கும் என்று டாக்டர் சொல்ல, உபைதுல்லா விலகினார். விலகல் பத்திரம் மட்டும் போதாது, பத்திரிகையிலும் அரசிதழிலும் அறிவிப்பு வரவேண்டும், அதுவரை வெளியாருக்கு நீங்கள் பங்குதாரர்தான் என்று ஹெப்சிபா எச்சரித்தார். ஆனால் மணலி முதல் ராயபுரம் வரை டிரம் வியாபாரிகள் அந்த அறிவிப்பைச் சண்டைச் செய்தியாகத்தான் படிப்பார்கள். "நம்ம பேரை அங்க போட்டா ஊரு இன்னா நெனைக்கும் மச்சான்?" என்றார் உபைதுல்லா. போடவில்லை. யார்டு வாசல் பலகையில் இரண்டு பெயர்களும் அப்படியே இருந்தன. மறுநாள் ராசையா முகமூடியை ஆணியில் மாட்டினார். இனி தன் மூச்சு தன்னுடையது மட்டுமே என்று நம்பினார்.

எட்டு மாதங்கள் போயின. ரமலான் முதல் நாள் மதியம் ராசையா சோறு தின்றார். பசித்தது. இன்னொரு தட்டு தின்றார். பசித்தது. மூன்றாவது தட்டில் கை நின்றது. ஆணியில் தொங்கிய முகமூடியைப் பார்த்தார். கையைக் கழுவாமலே பைக்கை எடுத்தார்.

தண்டையார்பேட்டை வீட்டில் உபைதுல்லா சுவரில் சாய்ந்திருந்தார். மடியில் இருந்த துண்டில் ரத்தம். மகள் ரூஹி அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எட்டு மாசமா இருமிகினே கீறாரு மாமு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"ஏன்யா சொல்லல?"

"தொழிலுதான் முடிஞ்சிபோச்சே மச்சான்" என்றார் உபைதுல்லா. "அப்பால உன் மேல இன்னா கம்ப்ளெயின்ட்டு?" பிறகு ராசையாவின் கையைப் பார்த்தார். "எத்தினி தட்டு?"

"மூணு."

"பசிக்குதா?"

"ஆமா."

சிரிக்கப் போய் உபைதுல்லா இருமினார். ராசையாவும் இருமினார்.

அன்றே ராசையா யார்டைப் பூட்டிவிட்டு ஹெப்சிபாவிடம் ஓடினார். வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் அறிவிப்பு வரும், அரசிதழுக்கு இன்னும் சில வாரங்கள் என்றார் அவர். உபைதுல்லா வியாழக்கிழமை இறந்தார். அறிவிப்பை நிறுத்தச் சொல்லி ராசையா போன் செய்தபோது, தேவையும் இல்லை என்றார் ஹெப்சிபா. பங்குதாரர் இறந்தால் அதற்குச் சட்டம் விளம்பரம் கேட்பதில்லை.

நாற்பது நாள் கழித்து யார்டு திறந்தது. ராசையா முகமூடி அணிந்துதான் டிரம்முக்குள் தலையை விடுகிறார். யாருக்காக என்று வரலட்சுமி கேட்கவில்லை. அடுத்த ரமலான் முதல் நாள் மதியம் அவர் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தார். ஒரு தட்டு தின்றார். வயிறு நிறைந்துவிட்டது.