தாய்க்கு எடுத்த ரத்தம்

கருங்கல் பக்கம் முந்திரிப் பருப்புக் கம்பெனியை அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அங்கே பருப்பின் தொலி உரிக்கிறவள் பிரிஜா. 2012 ஆனியில், தலைப்பிள்ளை அபினாவுக்கு மூன்று மாதம் ஆனதும் வேலைக்குத் திரும்பினாள். முதல் வாரமே மேற்பார்வை பார்க்கும் செல்லபாய் அவள் முறத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ள பெத்தவளுக்க கையாட்டி இது? மெஷினு தோத்துப்போவும்" என்றாள்.

பிரிஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கை தானாக ஓடியது; நிறுத்தினால் நடுங்கியது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்தது. சாரல் மழைக்கு மற்றவர்கள் தலைப்பை இழுத்துப் போர்த்தியிருக்க, இவளுக்கு முதுகெல்லாம் வேர்த்தது. இரண்டாம் வாரம் பருப்புகள் விரலுக்குள்ளேயே பிளந்தன. செல்லபாய்க்கு முழுப்பருப்புதான் வேண்டும். பாராட்டு நின்றுபோனது.

வீட்டிலும் இருப்புக்கொள்ளவில்லை. துவைத்த துணியை மறுபடி துவைத்தாள். பாத்திரங்களைக் கழுவி அடுக்கிவிட்டுத் திரும்ப இறக்கினாள். எவ்வளவு தின்றாலும் உடம்பு மெலிந்துகொண்டே வந்தது. கணவன் அல்போன்ஸ் ரப்பர் பால் வெட்டுகிறவன். ஒரு மதியம் அவன் வந்து, "சாயா உண்டா?" என்று கேட்டதற்கு, கையிலிருந்த பாத்திரத்தை முற்றத்தில் வீசினாள். வீசிய பிறகு அவளுக்கே பயமாக இருந்தது.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். எங்கே என்று இல்லை. நடந்தால் உள்ளே இருக்கிற அவசரம் கொஞ்சம் அடங்கியது. மார்த்தாண்டம் சந்திப்பில், பஸ்களுக்கும் லாரிகளுக்கும் நடுவில் அல்போன்ஸ் அவளைக் கண்டுபிடித்தான். சத்தம் போடாமல் பைக்கில் ஏற்றி வந்தான். அன்று சாயங்காலமே பிள்ளையைக் குளச்சலில் தன் அக்கா சகாயசெல்வியிடம் கொண்டுபோகக் கிளம்பினான். அக்காவுக்கும் கைப்பிள்ளை இருந்தது; பாலுக்குக் கவலையில்லை.

"நாலு நாளு அவ பாத்துக்கிடட்டு."

"நான் பிள்ளைய என்ன செய்திருவேன்னு நெனச்சிய?"

அவன் பிள்ளையின் துணிகளைப் பையில் அடைத்தான்.

பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது. பிழிந்து பிழிந்து கொட்டினாள். மூன்றாம் நாள் தடுப்பூசி அட்டை கண்ணில் பட்டது. அன்றைக்குத்தான் தேதி. அட்டையோடு குளச்சல் பஸ் ஏறினாள்.

"மைனி, ஊசி போடணும். என்ன நம்பலேன்னா நீங்களும் வாங்க."

சகாயசெல்வி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தாள்.

சுகாதார நிலையத்தில் நர்ஸ், பிள்ளையின் காலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிரிஜாவின் விரல்கள் நடுங்குவதைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்தார். பிள்ளையைச் சகாயசெல்வியிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு, பிரிஜாவின் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரம் பார்த்தார்.

"நூத்தி இருபத்திரெண்டு அடிக்குது. எத்தன நாளா இப்பிடி?"

"ஒரு மாசம் இருக்கும். எனக்கு மண்டைக்குச் சரியில்லன்னு சொல்லுதாவ."

"மண்டைய விடு. எச்சில முழுங்கு, பாப்போம்." நர்ஸ் கழுத்தைத் தடவிப் பார்த்தார். "பிள்ள பெத்தபிறகு கொஞ்சம் பேருக்குத் தைராய்டு இப்பிடிக் கெடந்து துள்ளும். ரத்தம் பாத்தாத்தான் தெரியும். இன்னைக்கே போய்க் குடு."

ரிசல்ட் வந்தது. நர்ஸ் சொன்னது சரிதான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா படபடப்புக்கு மட்டும் மாத்திரை எழுதினார். பால் கொடுக்கலாம் என்றார். "இது தானா அடங்கும். ஆனா பல பேருக்கு அப்புறம் நேர் எதிராத் திரும்பும். ரெண்டு மாசத்தில மறுபடி ரத்தம் பாக்கணும். மறந்திராத."

அல்போன்ஸ் தாளை வாங்கிப் பார்த்தான். பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்தான். அபினா இரண்டு நாள் பால் குடிக்க மறுத்து முகத்தைத் திருப்பினாள். மூன்றாம் நாள் குடித்தாள். பிரிஜா அன்று அழுதாள்.

படபடப்பு அடங்கியது. ஆனால் ஓணம் கழிந்தபோது வேறுவிதமாக ஆரம்பித்தது. நல்ல வெயிலிலும் குளிர்ந்தது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. முறத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்து தூங்கினாள். 'மடிச்சி' என்று சோம்பேறிப் பட்டம் கட்டினாள் செல்லபாய். கை ஓயாமல் ஓடிய காலத்தை விட இது மோசமாக இருந்தது. உடம்பு ஓடவில்லை, மனம் மட்டும் ஓடியது. மறுபடி பிள்ளையைக் கொண்டுபோய்விடுவானோ என்று, அல்போன்ஸ் பைக்கை எடுக்கும்போதெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ரத்தம் பாக்கத் தேதி ஆயாச்சு" என்றாள் ஒருநாள்.

"அதான் சரியாயிட்டுல்லா. ரெஸ்ட் எடு."

"சரியாகல்ல. இந்தத் தடவ நீங்களும் வரணும். டாக்டர் சொல்லுதத நீங்க கேக்கணும்."

போனார்கள். இந்த முறை தைராய்டு நேர் எதிராகக் குறைந்துபோயிருந்தது. டாக்டரம்மா தினமும் வெறும் வயிற்றில் போட ஒரு மாத்திரை எழுதினார். அல்போன்ஸ் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அப்போ அன்னைக்கு இவ பிள்ளையத் தூக்கிட்டு நடந்தது?"

"அதுவும் இதுதான்."

வெளியே வந்து பைக்கை எடுக்காமல் நின்றான். "நான் தப்பா நெனச்சிட்டேன் பிரிஜா."

"எனக்குத் தெரியும். அத உங்க அக்காகிட்ட போய்ச் சொல்லுங்க. அவியளும் அப்பிடித்தான் நெனச்சாவ."

அவன் குளச்சலுக்கே வண்டியை விட்டான். அக்காவின் வாசலில் நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். சகாயசெல்வி பிரிஜாவைப் பார்த்து, "என்னைய ஒண்ணும் நெனைக்காதட்டி" என்றாள். பிரிஜா சரி என்று சொல்லவில்லை. மைனி கொடுத்த சாயாவை வாங்கிக் குடித்தாள்.

மாத்திரை ஒரு வருஷம் ஓடியது. பிறகு டாக்டரம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். வருஷத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும், அடுத்த பிள்ளை என்றால் முதலிலேயே வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். ரத்தம் பார்க்கும் தேதியை அல்போன்ஸ் தன் போனில் தானே போட்டு வைத்தான்.